இரண்டு டிரைவர் கேட்ட தகர இஞ்சின்

போன வாரம் என் கைப்பேசி பேசாமல் போய்விட்டது. தலவாக்கலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். கடைக்காரர் அதைக் குப்புறப் போட்டு, முதுகைத் திறந்து, பென்சில் மாதிரி ஒரு கம்பியை உள்ளே வைத்தார். நூல் போலப் புகை எழும்பியது. அது மூக்குக்கு வந்ததும் நான் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஈயம் உருகுகிற வாசனை.

“நவச்சாரம் போட மாட்டீங்களா?” என்று கேட்டேன்.

“அப்பிடின்னா என்னாங்கம்மா?”

“ஒண்ணுமில்ல. நீங்க வேலையப் பாருங்க.”

அவர் வேலையைப் பார்த்தார். கைப்பேசி பேசியது. நான் பஸ்ஸில் ஏறி ஒரு பழைய இஞ்சினை நினைத்துக்கொண்டே வந்ததில், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி நடந்தேன். இந்த வயதில் நடப்பது உடம்புக்கு நல்லது என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டேன். இடம் மறந்துபோனது என்று சொல்ல நான் என்ன கிழவியா?

நவச்சாரம் என்பது கற்கண்டு மாதிரி வெள்ளையாக இருக்கும் ஒரு கட்டி. செம்புத்தலை வைத்த சூட்டுக்கோலை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி அந்தக் கட்டியில் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் குபுக்கென்று புகை வந்து கண்ணைக் கரிக்கும். அதற்குப் பிறகுதான் கோலில் ஈயம் ஒட்டும். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அந்தப் புகை எப்போதும் உண்டு. என் பிள்ளைகள் அந்தப் புகையில் வளர்ந்தவர்கள். கொசு வந்ததில்லை. எங்கள் மலைக் குளிருக்குக் கொசு எப்படியும் வராதுதான், ஆனாலும் புகைக்குப் பயந்தே வரவில்லை என்று நான் சொல்லிக்கொள்வேன்.

எங்கள் வீட்டுக்காரர் தோட்டத்துத் தகரக்காரர். லயம் என்கிற வரிசை வீடுகளின் கூரை, கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலி, பூவாளி, தேயிலை பெக்டரியில் ஓட்டை விழுகிற எதுவானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதிகம் பேச மாட்டார். தகரம் தட்டுகிற சத்தத்தில் பேசிப் பயனில்லை என்று விட்டுவிட்டாரோ என்னவோ. வெட்டுவதும் வளைப்பதும் அவர். ஈயம் வைப்பது நான். அவர் கை பெரிய கை. பொட்டு வைக்கிற மாதிரி ஈயம் வைக்க வேண்டிய இடத்தில் சந்தனம் அப்புகிற மாதிரி அப்பிவிடுவார். பகலில் மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து சாயந்திரம் நான் வைத்த ஈயம் இன்றைக்கும் சில கூரைகளில் இருக்கிறது. மழை பெய்யும்போது போய்ப் பார்க்கலாம். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, சொல்ல வேறு ஆள் மிஞ்சவில்லை.

எனக்கு ஒரே அண்ணன். ரயில்வேயில் இருந்தார். ரயில்வே என்றதும் தொப்பியும் கொடியும் நினைக்க வேண்டாம். தண்டவாளத்துக்கு அடியில் கல் இடித்துப் போடுகிற கேங்கில் வேலை. இஞ்சினுக்குள் ஒரு நாளும் ஏறியதில்லை. ஆனால் தலவாக்கலையில் ரயில்வே குவாட்டர்ஸ், காலுக்குச் சப்பாத்து, வருசத்துக்கு ஒரு காக்கிச் சட்டை. எங்கள் குடும்பத்தில் தேயிலைக்கு வெளியே கால் வைத்த முதல் ஆள். அந்தக் காலை அவர் கொஞ்சம் ஓங்கித்தான் வைப்பார்.

அவர் வீட்டில் சமைக்கிற குசினியின் கூரை ஒழுகுகிறது என்று ஒரு தடவை எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். இவர் போய்ப் புதுத் தகரம் போட்டு, பீலியும் கட்டிக் கொடுத்தார். அடுத்த தீபாவளிக்கு நாங்கள் எல்லோரும் அங்கேதான் சாப்பிட உட்கார்ந்தோம். வெளியே நல்ல மழை. கூரை ஒழுகவில்லை, இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். காற்று அடித்து, பீலியில் போன தண்ணீரில் ஒரு சொட்டு உள்ளே வந்தது. அவ்வளவுதான். வந்த சொட்டு அத்தனை இலைகளை விட்டுவிட்டு அண்ணன் இலையில், ஆட்டுக்கறி மேல் விழுந்தது.

அண்ணனும் துடைத்துவிட்டுச் சாப்பிட்டிருக்கலாம். கேங்குக்காரர்கள் நாலு பேர் வரிசையில் இருந்ததுதான் வினை.

“பீலி தட்டுறவன்கிட்ட கூரையக் குடுத்தா இப்பிடித்தான்” என்றார்.

வீட்டுக்காரர் இலையை மடித்தார். எந்தப் பக்கமாக மடித்தார் என்று கேட்காதீர்கள். கை கழுவினார். “வா, போவோம்” என்றார். அந்த மழையில் நடந்து தோட்டத்துக்கு வந்தோம். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் மூத்தவள் ராஜேஸ் பெரிய மனுசியானாள்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் சொல்கிறேன். பிள்ளை பெரியவளானால் தாய்மாமன் வர வேண்டும். பிள்ளை தனியாக இருக்க ஓலைக் குச்சு கட்டுவது அவர். மேளத்தோடு சீர்த் தட்டு கொண்டு வருவது அவர். மாமன் மாலை விழுந்த பிறகுதான் பிள்ளையை மணையில் உட்கார வைத்துச் சடங்கு செய்யலாம். மாமன் இருந்தும் வராமல் போனால், பிள்ளைக்கு என்ன குறை என்று நாலு லயத்திலும் பேச்சு கிளம்பும். அந்தப் பேச்சு கல்யாணம் வரைக்கும் பிள்ளைக்குப் பின்னாலேயே வரும். ஆகவே ரோசத்தைக் கூடையோடு இறக்கி வைத்துவிட்டு நான் தலவாக்கலைக்குப் போனேன்.

“அண்ணே, ராஜேஸ் பெரிய மனுசியாயிட்டா.”

அண்ணன் முகம் மலர்ந்தது. மலர்ந்ததை நான் பார்த்தேன். பிறகு கோபமாக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

“சந்தோசம். தலைக்கு ஊத்துங்க.”

“மாமன் வராம எப்பிடிண்ணே?”

“எலைய மடிச்சிட்டுப் போனாரே ஒங்க வீட்டுக்காரரு. அப்ப மாமன் ஞாபகம் வரலியா?”

அண்ணி குசினியிலிருந்து வந்தார். “புள்ள விசயத்துல வீம்பு பண்ணாதீங்க. ஊரு சிரிக்கும்” என்றார்.

“நீ சும்மா இரு. நாங்க இஞ்சினோட பொழங்குறவங்க. பீலி தட்டுறவரு வாசல்ல போயி நான் நிக்கணுமா? ஒரு இஞ்சினச் செஞ்சு காட்டச் சொல்லு பாப்போம். தகரத்துலயே செய்யட்டும். ஆனா பாத்தா இஞ்சினா இருக்கணும், பொகையும் வரணும். அன்னைக்கு ஏறுறேன் ஒங்க இஸ்தோப்புல.”

இஸ்தோப்பு என்பது லயத்துக் காம்பராவுக்கு முன்னால் இருக்கும் சின்னத் தாழ்வாரம். அதில் ஏறினால் வீட்டுக்குள் வந்த கணக்கு.

“ஏறணும்” என்றேன்.

“ஏறுவேன்.”

“அண்ணி, கேட்டுக்கிட்டீங்களா?”

“கேட்டுக்கிட்டேன். மாரியாத்தா மேல ஆணையா கேட்டுக்கிட்டேன்” என்றார் அண்ணி. நல்ல மனுசி.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ரொட்டியைத் தின்று முடித்தார். தண்ணீர் குடித்தார். வாயைத் துடைத்தார்.

“எந்த இஞ்சினாம்?” என்று கேட்டார்.

பிள்ளைக்கு வீட்டோடு தலைக்கு ஊற்றிவிட்டு, பெரிய சடங்கைத் தை பிறக்கட்டும் என்று தள்ளி வைத்தோம். பக்கத்துக் காம்பராவில் ஒரு யோசனை சொன்னார்கள். ஒன்றுவிட்ட அண்ணன் யாரையாவது மாமன் இடத்தில் நிற்க வைக்கலாமே என்று. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்றுவிட்டது இரண்டுவிட்டது எல்லாம் பந்திக்குக் கூப்பிடுகிற விசயத்தில் சரி. மாமன் விசயத்தில் எனக்குச் சொந்த மாமன்தான் வேண்டும்.

ஆனால் இஞ்சினைப் பார்ப்பது எப்படி? வீட்டுக்காரர் பகல் முழுக்கக் கூரை மேலும் பெக்டரிக்குள்ளும் இருப்பார். கோச்சி, அதுதான் ரயில், போவது அவருக்குக் காதில் விழும், அவ்வளவுதான். கண்ணால் பார்ப்பது நான். நாங்கள் பறிக்கிற மலைக்குக் கீழேதான் தண்டவாளம். அதற்கும் கீழே ஆறு. மெயில் கோச்சி வளைவில் ஊசி நுழைந்த மாதிரி நுழைந்து போய்விடும், பார்த்து முடியாது. ஆனால் சாமான் கோச்சி பாரத்தோடு ஏறும்போது முன்னால் ஒரு இஞ்சின் இழுக்க, பின்னால் ஒரு இஞ்சின் தள்ளும். தள்ளுகிற இஞ்சின் மேலே கொண்டுபோய் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வரும். வந்து எங்கள் மலைக்கு நேர் கீழே கைகாட்டிக்காகக் காத்து நிற்கும். நிற்கிற மாட்டைத்தானே கறக்க முடியும்? அந்தத் தள்ளுகிற இஞ்சினையே எடுத்துக்கொண்டோம்.

ஒரு நாளைக்கு ஒரு உறுப்பு என்று வைத்துக்கொண்டோம். முழு இஞ்சினையும் ஒரே நாளில் மனதில் ஏற்றினால் சாயந்திரம் வீடு வருவதற்குள் பாதி கொட்டிவிடும். இன்றைக்குப் புகைபோக்கி என்றால் புகைபோக்கி மட்டும். கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பிடிப்பேன். புகைபோக்கி என் நகத்தின் அகலம் இருக்கும். தண்ணீர் கொதிக்கிற உருண்டை வயிறு ஆள்காட்டி விரலில் இரண்டு கணு. சாயந்திரம் வந்து நகம் என்று சொன்னால் அவர் மூன்று விரற்கடை வெட்டுவார். அதுதான் எங்கள் அளவுகோல். நகத்தை மட்டும் வளர விடக் கூடாது, கணக்கு மாறிவிடும்.

கங்காணி ஒரு நாள் பார்த்துவிட்டார்.

“என்னா ஆயி, கோச்சிக்குச் சத்தியம் பண்றியா?”

“கண்ணுல தூசிங்க கங்காணி.”

“கைய நீட்டுனா தூசி போயிருமா? ஒன்னோட கொழுந்துல முத்தல் கெடந்துச்சுன்னா நான் கைய நீட்டிருவேன்!”

பனி மூடினால் அன்றைக்கு உறுப்பு இல்லை. ஒரு தடவை தொடர்ந்து பல நாள் மூடிவிட்டது. டிரைவர் நிற்கிற கூண்டை நான் இன்னும் பார்த்துச் சொல்லவில்லை. வீட்டுக்காரரால் சும்மா இருக்க முடியவில்லை. தானாகவே ஒரு கூண்டு செய்துவிட்டார். பனி விலகி நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து அதைப் பார்க்கிறேன், எங்கள் காம்பராவைப் போலவே கதவு, கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். “கள்ளன் வருவான்னா வச்சீங்க?” என்றேன். மறுபடி வெட்டினார்.

தகரத்துக்குக் குறைவில்லை. வயிற்றுக்கு லாம்பெண்ணெய் டின், விளக்குக்கு வாங்குகிற மண்ணெண்ணெய்தான். டின்னை வெட்டி விரித்து, அம்மிக் குழவியில் சுற்றி உருட்டித்தான் உருண்டையாக்கினோம். அத்தனை நாளும் வீட்டில் அரைத்த தேங்காய்ச் சம்பல் இல்லை, குழவி இஞ்சினுக்குள் இருந்தது. சக்கரத்துக்குச் சப்பாத்துப் பொலிஷ் டின் மூடிகள், கணக்கப்பிள்ளை வீட்டில் வேலை செய்கிற பெண்ணிடம் சொல்லிச் சேர்த்தது. சக்கரங்களைக் கோக்கிற கம்பிகளுக்குப் பிய்ந்த குடையின் கம்பி. எங்கள் ஊர் மழைக்குப் பிய்ந்த குடை இல்லாத வீடு கிடையாது. வயிற்றின் பக்கவாட்டில், கூண்டிலிருந்து முன்னால் வரைக்கும் ஒரு நீளக் கம்பி போகும். அதற்கும் நல்ல நேரான குடைக்கம்பியாகப் பார்த்து வைத்தோம். அதை ஒட்டியது நான். ஒட்டின இடமே தெரியாது.

ராஜேஸ் மூலையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். எதையும் தொடக் கூடாது என்று நான் சொல்லி வைத்திருந்தேன். அதனால் வாயால் வேலை செய்தாள்.

“இந்த இஞ்சின் முடியிறதுக்குள்ள நான் கெழவியாயிருவேம்மா. என் மகளுக்குச் சேத்து வச்சுக்கங்க.”

“வாய மூடு. ஒனக்காகத்தான் தட்டுறாரு.”

“எனக்காகவா? மாமாவுக்காகவா?”

வீட்டுக்காரர் தட்டுவதை நிறுத்தி ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு தட்டினார்.

புகை விசயத்தில் ஒரு பிழை நடந்தது. நிஜமாகவே தண்ணீர் ஊற்றித் தீ வைத்துவிடலாம் என்று வீட்டுக்காரர் ஆசைப்பட்டார். அடியில் எண்ணெய்த் திரி வைத்தோம். தண்ணீர் கொதித்தது, விசில் மாதிரி ஒரு சத்தம்கூட வந்தது. எல்லோரும் கை தட்டினோம். தண்ணீர் வற்றியது யாருக்கும் தெரியவில்லை. வற்றினதும் ஈயம் உருகி, வயிறு வாழைப்பூ மாதிரி மடல் மடலாகப் பிரிந்துவிட்டது. ஈயம் வைத்தவள் நான் என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தண்ணீர் ஊற்றினவரைப் பார்த்தேன்.

மறுபடி வயிறு செய்தோம். இந்தத் தடவை தீ வைக்கவில்லை. உள்ளே ஒரு சின்னக் கரண்டியில் தணல் போட்டு அதன் மேல் சாம்பிராணி தூவினோம். புகைபோக்கி வழியாக நல்ல வெள்ளைப் புகை வந்தது. அண்ணன் புகை வேண்டும் என்றுதான் சொன்னார், என்ன புகை என்று சொல்லவில்லை. லயமே கோயில் மாதிரி மணத்தது. பக்கத்துக் காம்பராக் கிழவர் வந்து திருநீறு கேட்டார்.

மறுபக்கத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். இஞ்சினுக்கு இரண்டு பக்கம் உண்டல்லவா. எங்கள் மலையிலிருந்து எனக்குத் தெரிந்தது ஒரு பக்கம். மறுபக்கம் ஆற்றைப் பார்த்திருக்கும். திரும்பி வரும்போது தெரியுமே என்று நீங்கள் கேட்கலாம். அதுதான் இல்லை. தள்ளுகிற இஞ்சினை மேலே திருப்ப மாட்டார்கள். போன முகம் போனபடியே, பின்பக்கமாக இறங்கி வரும். ஏறும்போதும் அதே பக்கம், இறங்கும்போதும் அதே பக்கம். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் யோசித்தார். “மாட்டுக்கு இந்தப் பக்கம் காது இருந்தா அந்தப் பக்கமும் காதுதானே இருக்கும்” என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. இந்தப் பக்கத்தில் இருந்ததையெல்லாம் அந்தப் பக்கமும் அப்படியே வைத்துவிட்டோம்.

கறுப்புச் சாயம் காய்ந்ததும் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். சப்பாத்து, காக்கிச் சட்டை. பின்னால் அண்ணி. லயத்து வாசலில் வந்து நின்றார், ஏறவில்லை. நான் இஞ்சினை இஸ்தோப்பில் வைக்கவில்லை. காம்பராவுக்குள்ளே, சுவர் ஓரமாக, பலகை மேல் வைத்திருந்தேன். நான் பார்த்த பக்கம் வாசலைப் பார்த்து இருந்தது. வீட்டுக்காரர் அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். அவரும் எழும்பவில்லை. லயத்தில் எல்லா வாசலிலும் தலைகள். ராஜேஸ் கதவு மறைவில் நின்றாள். நான் சாம்பிராணி தூவினேன்.

அண்ணன் எட்டிப் பார்த்தார்.

“வெளிய கொண்டா.”

“அது பாரம்ண்ணே. நீங்க உள்ள வந்து பாருங்க.”

“இங்கேர்ந்தே தெரியுது.” கழுத்தை நீட்டினார். “சக்கரம் சரி. கூண்டு சரி. ம்ம்... கம்பிகூட வச்சிருக்காரு.”  ஏறிவிடுவார் என்று நினைத்தேன். ஏறவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சரி என்று ஒத்துக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை. அண்ணி முழங்கையால் இடித்தார். அவர் அசையவில்லை.  இத்தனை பாடுபட்டும் பிள்ளை மாமன் இல்லாமல்தான் மணையில் உட்காரப் போகிறாள் என்று நினைத்தேன்.

“திருப்பச் சொல்லு, அந்தப் பக்கத்தையும் பாப்போம்” என்றார்.

வீட்டுக்காரர் பலகையோடு திருப்பினார்.

அண்ணன் கண் விரிந்தது. “அடப்பாவி மனுசா!” என்று ஒரு சத்தம். ஒரே தாவில் இஸ்தோப்பு, அடுத்த தாவில் காம்பரா. சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. நான் சாணி போட்டு மெழுகின தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து அந்தக் குடைக்கம்பியைத் தொட்டார்.

“இது என்னா?”

“கம்பி” என்றார் வீட்டுக்காரர். தீபாவளிக்குப் பிறகு அண்ணனிடம் அவர் பேசின முதல் வார்த்தை.

“கம்பின்னு தெரியுது. இது இஞ்சின முன்னுக்கும் பின்னுக்கும் மாத்துற கம்பி மாப்ள. டிரைவரு நிக்கிற பக்கம் மட்டுந்தான் இருக்கும். நீ ரெண்டு பக்கமும் வச்சிருக்க. அப்ப இதுக்கு ரெண்டு டிரைவரா? ஒருத்தன் மேல போகணும்பான், ஒருத்தன் கீழ போகணும்பான். இஞ்சின் எங்க போகும்?”

“நீங்க ரெண்டு பேரும் நின்னா போகாதுதான்” என்றார் அண்ணி வாசலிலிருந்து.

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. “நம்ம மலையிலேர்ந்து பாத்தா அப்பிடித்தான் தெரியும் மச்சான்” என்றார்.

“மலையிலேர்ந்து அந்தப் பக்கம் தெரியவே தெரியாதே!”

“அதான் சொல்றேன்.”

அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது. இருமுகிறாரோ என்று நினைத்தேன், சிரிக்கிறார். அந்த நேரம் பார்த்து நான் பால் விடாத பிளேன்டியை நீட்டினேன். சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்துவிட்டார். குடித்து முடித்த பிறகுதான் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று சுற்றிப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம். அண்ணி மட்டும் மேலே பார்த்து மாரியாத்தாவைக் கும்பிட்டார்.

“ராஜேஸு, எங்கடி மறைஞ்சு நிக்கிற? மாமன் வந்திருக்கேன்” என்றார் அண்ணன்.

தையில் சடங்கு. சீர்வரிசைக்கு முன்னால் மேளம் வரும் என்பது வழக்கம். அன்றைக்கு மேளத்துக்கும் முன்னால் இஞ்சின் வந்தது. அண்ணனே தாம்பாளத்தில் வைத்துத் தூக்கி வந்தார், சாம்பிராணி புகைய. சரியான பக்கம் சனங்களுக்குத் தெரிய வேண்டும் என்று அவர் திருப்பித் திருப்பிப் பிடித்ததைப் பார்க்க வேண்டும். ஆனால் எங்கள் பாதைக்கு இரண்டு பக்கமும் லயம். மேல் லயத்துக்காரர்கள் பார்த்தது பிழையான பக்கத்தைத்தான். அவர்களில் ஒருவரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் கேங்குக்காரர்கள் நாலு பேர் மட்டும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். ராஜேஸ் மாமன் மாலையோடு மணையில் உட்கார்ந்தாள். நான் அழவில்லை. சாம்பிராணிப் புகை கொஞ்சம் அதிகம்.

அதற்குப் பிறகு அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்த எல்லாத் தடவையும் முதல் பேச்சு ஒன்றுதான்.

“கழட்டிட்டியா மாப்ள?”

“இல்ல மச்சான்.”

“ரயில்வேக்காரன் மச்சான்னு வெளிய சொல்லிக்க முடியல. கழட்டு.”

“பாப்போம்.”

இப்படியே வருசங்கள் போயின. இரண்டு பேருக்கும் பேசுவதற்கு வேறு விசயம் கிடையாது. இது தீர்ந்துபோனால் என்ன பேசுவார்கள் என்று எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

பிறகு அண்ணனுக்கு இந்தியா போக உத்தரவு வந்தது. பிரசாவுரிமை, அதாவது குடியுரிமைப் பேச்சில், பாதிச் சனம் அந்தப் பக்கம், பாதிச் சனம் இந்தப் பக்கம் என்று இரண்டு அரசாங்கமும் பிரித்த காலம். அவர் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். நாங்கள் எழுதவில்லை. ஒரு வயிற்றுப் பிள்ளைகள், இரண்டு தேசம். அவர் எங்களிடம் கேட்டது ஒன்றுதான். “அந்த இஞ்சினக் குடுங்க. அங்க போயி நான் ரயில்வேயில இருந்தேன்னு சொன்னா யாரு நம்புவா?”

தலவாக்கலை ஸ்டேசனில் அன்றைக்குக் கால் வைக்க இடமில்லை. தகரப் பெட்டிகள், பாய்ச் சுருள்கள், அழுகை. ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி. வீட்டுக்காரர் இஞ்சினைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அண்ணன் சாக்கை விலக்கிப் பார்த்தார். முதலில் இந்தப் பக்கம். பிறகு வழக்கம்போல அந்தப் பக்கம்.

கம்பி இல்லை. இருந்த இடத்தில் ஈயத் தழும்பு மட்டும்.

“எங்க மாப்ள?”

“கழட்டிட்டேன்.”

“ஏன்?”

“நீங்கதானே சொன்னீங்க.”

“நான் சொன்னா? இத்தன வருசமா சொன்னேன், அப்பல்லாம் கழட்டல. இப்ப யாரு கழட்டச் சொன்னா ஒன்னைய?”  சுற்றி அத்தனை பேர் அழுதபோதும் அழாத மனுசன், அந்தத் தழும்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு நின்றார். வீட்டுக்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அந்த நேரத்தில் கோச்சி வந்து நின்றது. நீராவி இஞ்சின் இல்லை. டீசல். எங்கள் பாதையில் அப்போது அதுதான் வரத் தொடங்கியிருந்தது. முகமும் முதுகும் தெரியாமல் பெட்டி மாதிரி ஒன்று.

வீட்டுக்காரர் நிமிர்ந்து அதை முன்னாலிருந்து கடைசி வரைக்கும் பார்த்தார். இஞ்சினுக்கு முன்னால் போய் எட்டி, அந்தப் பக்கத்தையும் பார்த்தார்.

“மச்சான்.”

“என்னா?”

“இதுல ரெண்டு பக்கமும் ஒண்ணு போலத்தான் இருக்கு.”

அண்ணன் டீசலைப் பார்த்தார். வீட்டுக்காரரைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தார். வீட்டுக்காரரும் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது குறைவு. அத்தனை ஒப்பாரிக்கு நடுவில் இரண்டு ஆம்பிளைகள் ஒரு தகர இஞ்சினைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்து, துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒரு பெண் எனக்கு ஆறுதல் சொன்னாள். நான் தலையாட்டினேன். விளக்கிச் சொல்ல நேரமில்லை, கோச்சி கிளம்பிவிட்டது.

அங்கிருந்து கொஞ்ச காலம் சேதி வந்தது, பிறகு நின்றுவிட்டது. இரண்டு பேரும் இன்றைக்கு இல்லை என்பதை வயதைக் கூட்டிப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். வீட்டுக்காரர் போனதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அண்ணனும் போயிருப்பார் என்று நானாக வைத்துக்கொண்டேன். அந்த இஞ்சின் யாருடைய வீட்டு அலுமாரியில் இருக்கிறதோ, பேரீச்சம்பழத்துக்குப் போட்டார்களோ, தெரியாது. ஆற்றை மறித்து அணை கட்டிவிட்டார்கள். கைகாட்டிக்குக் கீழே நின்று மூச்சு வாங்குகிற இஞ்சின் இல்லை, பாரத்தைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டுச் சும்மா திரும்பி வருகிற இஞ்சினும் இல்லை. நீராவி இஞ்சினின் ஆற்றுப்பக்கத்தை நான் கடைசி வரைக்கும் பார்க்கவில்லை.

நான் பறித்த மலையைத் தோட்டம் கைவிட்டுவிட்டது. தேயிலைச் செடி மரமாகி, மரத்தில் கொடி ஏறி, இப்போது அட்டை கடிக்காமல் அங்கே நிற்க முடியாது. ஒரு நாள் பிடிவாதமாக ஏறிப் பார்த்தேன். கோச்சி போகிற சத்தம் கேட்டது. கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பிடித்தேன். நகத்துக்கு அப்பால் இலைதான் இருந்தது. எங்கள் மலையிலிருந்து பார்த்தால் இப்போது எந்தப் பக்கமும் தெரிவதில்லை.